நகரமன்றத் தேர்தலை மாநிலத் தேர்தலோடு சேர்த்து நடத்தும் தீர்மானம்: ஆதரிக்கலாமா?

கேள்வி: பொதிகைக்காற்று

அனைவருக்கும் வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில், தனக்கென்று சாசனம் (நகரின் சொந்த அடிப்படைச் சட்டம்) வைத்திருக்கும் ஒரு சிறிய நகரத்தில் குடியிருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு நான் வாக்களித்த முதல் தேர்தல், ஒற்றைப்படை ஆண்டின் மார்ச் மாதத்தில் தனியாக நடந்த எங்கள் நகரமன்றத் தேர்தல்தான். மேயர், இரண்டு உறுப்பினர்கள், வரிவிதிப்பு பற்றி மக்கள் வாக்களிக்கும் ஒரு தீர்மானம் என்று எல்லாமே ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டன. வேட்பாளர் அறிக்கைகளை முழுவதும் படித்து, ஒரு மாலை நேரத்தில் நிதானமாக நிரப்பி அனுப்பினேன். அதே வாரம், எங்கள் அடுக்ககத்தின் தபால் பெட்டிகளுக்குக் கீழே உள்ள குப்பைத் தொட்டியில் பிரிக்கப்படாத வாக்குச்சீட்டு உறைகள் பீட்சாக் கடை விளம்பரங்களோடு கலந்து கிடந்தன. சாலையைச் செப்பனிடுவதிலிருந்து வாடகை விதிகள் வரை எங்கள் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கும் மன்றத்தை, பதிவு செய்த வாக்காளர்களில் மிகச் சிறிய பகுதியினரே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது இந்தத் தேர்தலை இரட்டைப்படை ஆண்டின் நவம்பருக்கு, அதாவது மாநிலப் பொதுத்தேர்தல் நாளுக்கே மாற்றும் சாசனத் திருத்தத்தை மக்கள் வாக்குக்கு விடலாமா என்று நகரமன்றம் ஆலோசிக்கிறது. பொதுமக்கள் கருத்தையும் கேட்டிருக்கிறது. என் ஐயங்கள் இவை. இப்படிச் சேர்த்த இடங்களில் வாக்குப்பதிவு உண்மையிலேயே கூடியதா? அதிபர், ஆளுநர், செனட்டர் ஆகியோரின் பெயர்களுக்குக் கீழே எங்கள் ஊர்ப் பிரச்சினைகள் காணாமல் போய்விடாதா? இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. இந்தியாவின் ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ திட்டத்தை மாநில உரிமையின் பெயரால் எதிர்த்து வருபவன் நான். இங்கே இதை ஆதரித்தால் முரண்பாடாகுமா?

பதில்: மயிலைவாசகி

முதல் கேள்விக்கான விடையில் ஐயத்துக்கு இடமில்லை. வாக்குப்பதிவு கூடும், அதுவும் கணிசமாகக் கூடும். உங்கள் அண்டை நகரமான லாஸ் ஏஞ்சலிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 மே மாதம் எரிக் கார்செட்டி முதன்முறை மேயரான தேர்தலில் பதிவு செய்தவர்களில் 23 சதவீதம் அளவுக்கே வாக்களித்தார்கள். 2017 மார்ச்சில் அவர் மீண்டும் வென்றபோது அது 20 சதவீதத்தை ஒட்டியே நின்றது. நிலைமை எவ்வளவு மோசமாக இருந்ததென்றால், வாக்களிப்பவர்களிடையே குலுக்கல் நடத்திப் பணப்பரிசு தரலாமா என்று நகரமன்றம் ஆராயவேண்டும் என 2014இல் அந்நகரின் நன்னெறி ஆணையமே பரிந்துரைத்தது. பிறகு 2015 மார்ச்சில், தேர்தலை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றும் சாசனத் திருத்தத்தை வாக்களித்தோரில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் திருத்தத்துக்காக வாக்களிக்க வந்தவர்களே பத்தில் ஒருவர் அளவுதான் என்பதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 2022 நவம்பரில், மாநில ஆளுநர் தேர்தலோடு சேர்ந்து நடந்த தேர்தலில் கேரன் பாஸ் மேயரானபோது வாக்குப்பதிவு 40 சதவீதத்தைத் தாண்டியது. எதிர்த்து நின்ற ரிக் கரூசோ 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட போட்டி அது என்பதால், உயர்வு முழுவதையும் தேதி மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அரசியலறிஞர் சோல்ட்டான் ஹைனலும் அவருடைய சக ஆய்வாளர்களும் இம்மாநில நகரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, உள்ளூர் வாக்குப்பதிவைத் தீர்மானிக்கும் காரணிகளில் தேர்தல் தேதியே முதன்மையானது என்று காட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கை கூடுவதோடு, இளைஞர்கள், லத்தீனோக்கள், நம்மைப் போன்ற ஆசிய வம்சாவளியினர் ஆகியோரின் பங்கும் கூடி, வாக்களிப்போர் கூட்டம் ஊரின் உண்மையான முகத்துக்கு நெருங்கி வருகிறது என்பது அவர்களுடைய முடிவு.

தேர்தல்கள் ஏன் பிரிக்கப்பட்டன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருநகரங்களைத் தங்கள் பிடியில் வைத்திருந்த ‘கட்சி இயந்திரங்கள்’ எனப்பட்ட, சலுகை கொடுத்து வாக்குத் திரட்டும் அமைப்புகளிடமிருந்து நகராட்சியை மீட்கவேண்டும் என்று சீர்திருத்தவாதிகள் முயன்றார்கள். நகராட்சித் தேர்தலைத் தேசியத் தேர்தலிலிருந்து விலக்கி வைத்தால் மக்கள் கட்சி பார்க்காமல் ஊரை மட்டும் பார்த்து வாக்களிப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நியூயார்க் மாநிலத்தின் 1894ஆம் ஆண்டு அரசியல் சட்டம் நகரத் தேர்தல்களை ஒற்றைப்படை ஆண்டுக்குத் தள்ளியது இந்தச் சிந்தனையில்தான். நோக்கத்தில் நேர்மை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். விளைவு வேறாக இருந்தது. பெர்க்லியின் அரசியலறிஞர் சாரா அன்சியா விளக்குவதுபோல, கூட்டம் குறைந்த தேர்தலில் அந்த முடிவால் நேரடி ஆதாயம் பெறும் அமைப்புகள் தங்கள் ஆட்களைத் தவறாமல் அழைத்து வந்துவிடுகின்றன. மற்றவர்கள் வராததால் அவற்றின் எடை பல மடங்காகிவிடுகிறது. வீட்டுமனைத் தொழில் செய்பவர்கள், நகராட்சி ஊழியர் சங்கங்கள், ஒப்பந்ததாரர்கள் என்று ஊருக்கு ஊர் அந்த அமைப்பு மாறலாம்.

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு உங்கள் கவுண்டியிலேயே பெல் என்ற நகரம் இருக்கிறது. ஏறத்தாழ 35,000 மக்கள் வாழும் அந்த ஊரில் 2005 நவம்பர் இறுதியில், வேறு எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு நாளில், நகரத்துக்குச் சாசனம் வேண்டுமா என்று சிறப்புத் தேர்தல் நடத்தினார்கள். பதிவான வாக்குகள் 400க்கும் குறைவு. சாசனம் நிறைவேறியதும், நகரமன்ற ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் விதித்திருந்த வரம்பிலிருந்து அவ்வூர் விடுபட்டது. 2010இல் செய்தி வெளியானபோது நகர மேலாளரின் ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 8 லட்சம் டாலராகவும், பகுதி நேரப் பணியாற்றிய மன்ற உறுப்பினர்களின் ஊதியம் ஏறக்குறைய 1 லட்சம் டாலராகவும் இருந்தன. பலர் தண்டனை பெற்றார்கள். நவம்பர் முதல் வாரத்தில் மாநிலத் தேர்தலோடு அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் ஆயிரக்கணக்கானோர் கண்ணில் பட்டிருக்கும்.

சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட எஸ்.பி. 415 என்ற சட்டப்படி, தனித் தேர்தலின் வாக்குப்பதிவு, முந்தைய நான்கு மாநிலப் பொதுத்தேர்தல்களின் சராசரியைவிட 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், அந்த நகரம் 2022 நவம்பருக்குள் மாநிலத் தேர்தல் நாளுக்கு மாறியாக வேண்டும். ஆனால் ரெடோண்டோ பீச் நகரம் தொடுத்த வழக்கில், சாசன நகரங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் ஊரில் இன்னமும் மார்ச்சில் தேர்தல் நடப்பதும், முடிவு உங்கள் மக்கள் கையில் இருப்பதும் அதனால்தான்.

இந்தியத் திட்டத்தோடு ஒப்பிட்டுத் தயங்கவேண்டாம். அங்கே சட்டமன்றம் இடையில் கலைந்தால் என்ன செய்வது, ஒரு மாநிலத்தின் ஐந்தாண்டு உரிமையை ஒன்றியத்தின் கால அட்டவணைக்காகக் குறைக்கலாமா என்பது சிக்கல். இங்கே நகரமன்றத்தின் பதவிக்காலம் நிலையானது, நடுவில் கலைவதில்லை, தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று அந்த ஊர் மக்களிடமே அனுமதி கேட்கிறார்கள்.

பதில்: கரிசல்மண்

மேலே எழுதிய அம்மையாரின் தகவல்களோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எண்ணிக்கை மட்டுமே குடியாட்சி ஆகிவிடாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். நான் இதே மாநிலத்தின் நடுப்பள்ளத்தாக்கில் இருக்கிறேன்; எங்கள் ஊரில் நகரமன்றத்துக்குப் போட்டியிட்ட ஒரு பள்ளி ஆசிரியைக்காக வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டிருக்கிறேன்.

தனியாக நடக்கும் தேர்தலில், பணமில்லாத வேட்பாளர் தம் காலால் நடந்தே ஊரில் பாதிப் பேரைச் சந்தித்துவிட முடியும். கதவைத் திறப்பவரும் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றியே பேசுவார். நவம்பரில் நிலைமை அப்படியில்லை. கதவைத் திறப்பவர் முதலில் கேட்பது ‘நீங்கள் எந்தக் கட்சி?’ என்பதுதான், கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்று விளக்குவதற்குள் கதவு மூடிவிடும். அந்த மாதத்தில் விளம்பர நேரமும் அச்சுக்கூலியும் உயர்ந்துவிடுகின்றன. தபால் பெட்டி நிறைய அட்டைகள் வருகின்றன. அவற்றில் மிகவும் கவலைக்குரியவை ‘ஸ்லேட் மெயிலர்’ எனப்படும் பட்டியல் அட்டைகள். அதிபர் வேட்பாளர் படத்தை மேலே பெரிதாகப் போட்டு, கீழே நகரமன்ற வேட்பாளர் பெயரை அதே வண்ணத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்த இடத்தைப் பலரும் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதும், பணம் கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரக் குறி இருக்கும் என்பதும் எத்தனை வாக்காளர்களுக்குத் தெரியும்?

வாக்குச்சீட்டின் நீளமும் பெரிய தடை. 2024 நவம்பரில் மாநில அளவிலான தீர்மானங்கள் மட்டுமே 10 இருந்தன. சான் பிரான்சிஸ்கோ வாக்காளர் அவற்றோடு 15 நகரத் தீர்மானங்களையும் படிக்கவேண்டியிருந்தது. இவ்வளவையும் கடந்து கடைசிப் பக்கத்திலுள்ள நகரமன்றப் பகுதிக்கு வருபவரிடம் எவ்வளவு கவனம் மிஞ்சியிருக்கும்? சிலர் அந்தப் பகுதியை வெற்றாக விட்டுவிடுவார்கள். சிலர் தெரிந்ததுபோல் ஒலிக்கும் பெயரைக் குறித்துவிடுவார்கள். நீங்கள் அந்த ஒற்றைப் பக்கத்தை ஒரு மாலை முழுவதும் செலவிட்டு நிரப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வாக்குக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதை இழக்க நான் விரும்பவில்லை.

பதில்: மயிலைவாசகி

கரிசல்மண் ஐயா சொல்லும் பட்டியல் அட்டைகள் உண்மையான தொல்லை. வெற்றாக விடுபவர்களும் உண்டு. ஆயினும், நவம்பரில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் நகரமன்றப் பகுதியை விட்டுவிட்டாலும்கூட, மீதியிருப்போர் எண்ணிக்கை மார்ச்சில் மொத்தமாக வந்தவர்களைவிடப் பல சமயம் இரு மடங்காக இருக்கிறது. குடிநீர்க் கட்டணத்தைப் பற்றிக் கதவருகே நின்று பேச நேரமில்லாத இரவுப்பணிச் செவிலியரும் அதே கட்டணத்தைத்தான் செலுத்துகிறார். நன்கு அறிந்தவர்கள் மட்டும் வாக்களித்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டால், யார் அறிந்தவர் என்பதைத் தேதி தீர்மானிக்கும். அந்தத் தேதியைப் பதவியில் இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதில்: விரிகுடாவாசி

இரு தரப்பும் ‘நவம்பருக்கு மாற்றுவது’ என்று பேசுகின்றன. சான் ஓசேயில் நாங்கள் பட்டறிந்த ஒன்றை இங்கே சேர்க்கவேண்டும்: தேர்தல் நவம்பரில் இருக்கிறது என்பதால் முடிவும் நவம்பரில் எடுக்கப்படுகிறது என்று பொருளில்லை.

எங்கள் நகரம் முன்பே இரட்டைப்படை ஆண்டில்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அது ஆளுநர் தேர்தல் ஆண்டு. அதிபர் தேர்தல் ஆண்டில் இன்னும் கூடுதலானோர் வருவார்கள் என்பதால், அதற்கு மாற்றும் ‘பி’ தீர்மானத்தை 2022 ஜூனில் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். நானும் ஆதரித்தேன். பிறகு நடந்தது என்ன? 2024 மார்ச் முதற்கட்டத் தேர்தலிலேயே மேயர் மேட் மேகன் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றுவிட்டார். எங்கள் சாசனப்படி முதற்கட்டத்தில் பெரும்பான்மை பெற்றவர் அப்போதே வென்றவராகிறார். அதிபரைத் தேர்ந்தெடுக்க நவம்பரில் பெருங்கூட்டம் வந்தபோது மேயர் பதவி வாக்குச்சீட்டிலேயே இல்லை. அவர் தகுதியானவரா என்பது வேறு பேச்சு; எந்தக் கூட்டத்தை நம்பித் தேதியை மாற்றினோமோ அந்தக் கூட்டத்திடம் அந்தக் கேள்வி போய்ச் சேரவே இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸிலும் இதே விதிதான். 2022இல் நகரமன்றத்தின் 1ஆம் எண் தொகுதியில், பதவியிலிருந்த கில் செடியோவும் யூனிசஸ் ஹெர்னாண்டஸும் மட்டுமே போட்டியிட்டதால், ஜூனிலேயே ஹெர்னாண்டஸ் வென்று முடிந்துவிட்டது. அந்த ஜூனில் நகரின் வாக்குப்பதிவு நவம்பரைவிட வெகுவாகக் குறைவு.

இதன் மறுபக்கமும் உண்டு. டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் மே மாதத் தேர்தலைக் கைவிட்டு நவம்பருக்கு மாறியது. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் டிசம்பரில் இறுதிச் சுற்று. 2022 நவம்பரில் சீலியா இஸ்ரேல் முதலிடம் பெற்றார். டிசம்பரில் வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் கர்க் வாட்சன் மேயரானார். விதிப்படி நடந்த, முறையான வெற்றிதான். ஆனாலும் நவம்பருக்கு மாறியதன் பயனை டிசம்பர் ஓரளவு கரைத்துவிட்டது.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்திருப்பது சான் பிரான்சிஸ்கோ. அங்கே முதற்கட்டமும் இல்லை, இறுதிச் சுற்றும் இல்லை; வாக்காளர் தம் விருப்ப வரிசையை 1, 2, 3 என்று ஒரே சீட்டில் குறித்துவிடுகிறார். 2022 நவம்பரில் ‘எச்’ தீர்மானத்தின் வழியாக மேயர் தேர்தலை அதிபர் ஆண்டுக்கு மாற்றினார்கள். 2019இல் தனியாக நடந்தபோது 42 சதவீதம் அளவில் இருந்த வாக்குப்பதிவு, டேனியல் லூரி வென்ற 2024இல் 80 சதவீதத்தை நெருங்கியது. கரிசல்மண் குறிப்பிட்ட அந்த நீண்ட வாக்குச்சீட்டோடுதான் இது நடந்தது என்பதையும் கவனிக்கவேண்டும்.

எனவே, பொதிகைக்காற்று, உங்கள் நகரச் செயலர் அலுவலகத்தில் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: எங்கள் ஊரில் முதற்கட்டத் தேர்தலோ இறுதிச் சுற்றோ உண்டா? உண்டென்றால், புதிய திருத்தத்தில் அவை எந்த மாதத்தில் வரும்?

பதில்: ஹட்சன்கரை

நியூயார்க்கிலிருந்து சிறு குறிப்பு. மயிலைவாசகி சொன்ன அந்த 1894ஆம் ஆண்டு ஏற்பாட்டால் இங்குள்ள நகரங்கள் இன்றும் ஒற்றைப்படை ஆண்டில் கட்டுண்டு கிடக்கின்றன. 2023 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட சட்டம் பெரும்பாலான டவுன் (நகரம் என்ற தகுதி இல்லாத உள்ளாட்சி), கவுண்டி தேர்தல்களை இரட்டைப்படை ஆண்டுக்கு மாற்றியது. கீழ்நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 அக்டோபரில் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நகரங்களைத் தொட வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டும். அதற்கு முன்னோடியாக நியூயார்க் நகரின் சாசனத்தைத் திருத்தும் ஆறாம் தீர்மானத்தை 2025 நவம்பரில் மக்கள் முன் வைத்தார்கள், மக்கள் நிராகரித்துவிட்டார்கள். அதே நாளில், ஸோஹ்ரான் மம்தானி வென்ற மேயர் தேர்தலில் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 1969க்குப் பிறகு அந்த அளவை எட்டியது அதுவே முதன்முறை. நல்ல போட்டியும் தெளிவான பிரச்சினைகளும் இருந்தால் தனித் தேர்தலுக்கும் மக்கள் வருவார்கள் என்பதற்கு அது சான்றுதான். ஆனால் அப்படிப்பட்ட தேர்தல் தலைமுறைக்கு ஒருமுறை வருகிறது; அதை நம்பி எந்தச் சிற்றூரும் தன் அட்டவணையை வகுக்க முடியாது.

தொடர்ச்சி: பொதிகைக்காற்று

விரிகுடாவாசி சொன்னபடி நகரச் செயலர் அலுவலகத்தில் விசாரித்தேன். முன்வரைவின்படி மேயருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரே சுற்றுத்தான், அதிக வாக்குப் பெற்றவர் வென்றவர், முதற்கட்டம் இல்லை. கவுண்டியோடு சேர்ந்து நடத்துவதால் தேர்தல் செலவு பகிர்ந்துகொள்ளப்படும் என்றும் சொன்னார்கள். ஆகவே ஆதரித்து எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வரைவில் ஒரு பிரிவு இருக்கிறது: மாற்றத்துக்கு வசதியாக, இப்போது பதவியில் இருப்பவர்களின் காலம் ஏறத்தாழ இருபது மாதங்கள் நீளும். இது வழக்கம்தானா?

பதில்: விரிகுடாவாசி

இரண்டு வழிகளும் வழக்கத்தில் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் 2015, 2017 தேர்தல்களில் வென்றவர்களுக்கு ஒருமுறை மட்டும் ஐந்தரை ஆண்டுப் பதவிக்காலம் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் லண்டன் பிரீடின் காலம் ஓராண்டு நீண்டது. சான் ஓசேயில் நாங்கள் மாறாகச் செய்தோம். 2022இல் வென்றவருக்கு இரண்டே ஆண்டுகள் கொடுத்து, 2024இல் மறுபடியும் மக்களிடம் அனுப்பினோம். நீட்டிப்பு சட்டத்துக்குப் புறம்பானது அன்று. ஆனால் நான்காண்டுக்கென்று தேர்ந்தெடுத்தவரை ஏறத்தாழ ஆறாண்டு வைத்திருப்பதற்கு ஒப்புதல் கேட்பதும், தேதியை மாற்ற ஒப்புதல் கேட்பதும் வெவ்வேறு கேள்விகள். அடுத்த மார்ச்சில் வழக்கம்போல் தேர்தல் நடத்தி, வெல்பவருக்கு அந்த இருபது மாதக் குறுகிய காலத்தை மட்டும் கொடுத்து, அதன்பின் நவம்பருக்குப் போகலாம். அதற்கு ஒரு தேர்தல் செலவு கூடும் என்பார்கள், கூடட்டும். உங்கள் கடிதத்தில் திருத்தத்தை ஆதரிப்பதாகவும், அந்த ஒரு பிரிவை மட்டும் இப்படி மாற்றி எழுதவேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். எதிர்ப்பவர்கள் முதலில் கையிலெடுக்கப்போவது அந்தப் பிரிவைத்தான்.